தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ரசிகர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணி 162 ஆட்டங்கள் ஆடியது. 41-ல் ஜெயித்தது, 121-ல் தோற்றது. 1900-க்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் ஒரே சீசனில் இத்தனை முறை தோற்ற அணி வேறு கிடையாது. முதல் 25 ஆட்டங்களில் மூன்றே வெற்றி. ஜூலையில் ஆரம்பித்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை ஒரே மூச்சில் 21 தோல்வி. இதையெல்லாம் சிலர் காசு கொடுத்து, அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களையும் அவர்களைப் போன்றவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அணியைத் திருத்துவது ரசிகரின் கையில் இல்லை. ஆனால் தோல்வி தருகிற வேதனை போதாதென்று நாமாகவே இழுத்துப் போட்டுக்கொள்ளும் வேதனை ஒன்று இருக்கிறது. அதில் பாதியையாவது குறைக்கலாம்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் முதலில் சறுக்குவது கணக்கில். ஐபிஎல் லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 ஆட்டம்தான், ஒன்று போனாலும் அன்று ராத்திரி தூக்கம் வராது, அதில் நியாயம் உண்டு. பேஸ்பாலில் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். 2024-ல் சாம்பியன் ஆன லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ்கூட வழக்கமான சீசனில் 64 முறை தோற்றது. 2001-ல் சியாட்டில் மரைனர்ஸ் 116 ஆட்டங்களில் ஜெயித்தது. அதற்கு மேல் யாரும் ஜெயித்ததில்லை. அதே அணி, அந்த வருடம் ஆகஸ்டில், கிளீவ்லாந்தில் ஒரு நாள் 14-2 என்று முன்னிலையில் இருந்து 15-14 என்று தோற்றது. அந்த வருடம் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் வேர்ல்ட் சீரிஸுக்கும் அது போகவில்லை.

பேஸ்பால்காரர்கள் அடிக்கடி சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: எந்த அணியும் 54 ஆட்டங்களில் ஜெயித்துவிடும், 54-ல் தோற்றுவிடும், மிச்சமிருக்கும் 54-ல்தான் விஷயமே இருக்கிறது. வைட் சாக்ஸ் அந்தக் கணக்கையே பொய்யாக்கியது, அது வேறு கதை. ஆனால் சாதாரணமாகத் தோற்கும் ஓர் அணியின் ரசிகர் ஏப்ரல் 9-ம் தேதி தோல்விக்காகச் சாப்பிடாமல் படுத்தால், செப்டம்பர் வருவதற்குள் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

அடுத்த தவறு, ஒற்றை ஆளைப் பிடித்து அவர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது. இதற்கு உதாரணம் தேடி வைட் சாக்ஸை விட்டு அதே ஊரின் வடக்குப் பக்கம் போக வேண்டும். 2003 அக்டோபர் 14, ரிக்லி மைதானம். கப்ஸ் அணி 3-0 என்று முன்னிலை. மொத்தமுள்ள ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட், அதில் ஒருவர் அவுட். இன்னும் ஐந்து பேரை அவுட் ஆக்கினால் 1945-க்குப் பிறகு முதல் முறையாக வேர்ல்ட் சீரிஸ். ஃப்ளோரிடா மார்லின்ஸின் லூயிஸ் காஸ்டியோ அடித்த பந்து இடது பக்கக் கோட்டுக்கு வெளியே, பார்வையாளர்களின் முதல் வரிசையை ஒட்டி உயரத்திலிருந்து இறங்குகிறது. கப்ஸின் மொய்சஸ் அலூ சுவரோரம் ஓடி வந்து எம்புகிறார். மேலே உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் கையை நீட்டுகிறார்கள். அதில் ஒருவர் கையில் பட்டுப் பந்து தெறித்தது. அலூ கையுறையைத் தரையில் அடித்துக் கத்தினார். அவ்வளவுதான் நடந்தது.

அந்த ரசிகரின் பெயரை ஊரே சொன்னது, நான் சொல்லப் போவதில்லை. தலைக்கு மேல் பொருட்கள் பறக்க, காவலர்கள் சூழ அவர் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? காஸ்டியோவுக்கு கப்ஸின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நான்கு தப்பான பந்துகளை வீசி, ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் முதலாவதை இனாமாகக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மிகேல் கப்ரேரா தரையோடு அடித்த ஒரு பந்து, இருவரைச் சேர்த்தே அவுட் ஆக்கியிருக்கக்கூடிய பந்து, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் கொன்சாலஸின் கையில் நிற்காமல் போனது. அந்த இன்னிங்ஸில் மட்டும் மார்லின்ஸ் எடுத்தது 8 ரன். மறுநாள் இன்னோர் ஆட்டம் பாக்கி இருந்தது, அதையும் கப்ஸ் 9-6 என்று தோற்றது. மறுநாள் தோல்விக்கும் அந்த மனிதரா காரணம்? 2016-ல் கப்ஸ் ஒருவழியாகச் சாம்பியன் ஆனபோது, அடுத்த வருடம் அணி நிர்வாகமே அவருக்கு ஒரு சாம்பியன் மோதிரத்தைக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் 14 வருடம் அந்த மனிதர் தலைமறைவு போல வாழ்ந்தது வாழ்ந்ததுதானே.

அம்பயரைத் திட்டுவதும் இதே வகைதான். 2024 மே 23 அன்று பால்டிமோர் அணியோடு நடந்த ஆட்டத்தில் வைட் சாக்ஸ் கடைசி இன்னிங்ஸில் துரத்திக்கொண்டிருந்தது. ஒரு பந்து நடுக்களத்துக்குள்ளேயே மேலே எழும்பியது. விதிப்படி பேட்டர் அவுட். இரண்டாவது பேஸ் பக்கம் நின்ற ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்தவருக்கு இடைஞ்சல் செய்தார் என்று அவரையும் அவுட் கொடுத்தார்கள். ஆட்டம் அதோடு முடிந்தது, 8-6. பந்தைப் பிடித்தவர் சிரமமே இல்லாமல் பிடித்திருந்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல். சரி, கோபப்படுங்கள். ஆனால் அந்த சீசனில் வைட் சாக்ஸ் எடுத்தது 507 ரன், விட்டுக்கொடுத்தது 813. அம்பயர் பேரில் ஒரு தோல்வியை எழுதினாலும் இன்னும் 120 பாக்கி.

ஆள் கிடைக்காவிட்டால் சாபம். 1945-ல் ஆட்டுக்கிடாவோடு வந்த ஒரு மதுக்கடைக்காரரை ரிக்லி மைதானத்திலிருந்து வெளியேற்றியதால் கப்ஸுக்குச் சாபம். நட்சத்திர வீரர் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றதால் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குச் சாபம், 1918-ல் ஜெயித்த அணி அடுத்து ஜெயித்தது 2004-ல். கேட்க சுவாரஸ்யம்தான். ஆனால் சாபக் கதையால் நிர்வாகம் தப்பித்துக்கொள்கிறது. 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் பாஸ்டனுக்கே வந்து அந்த மைதானத்திலேயே ஆடிக் காட்டினார். கறுப்பினத்தவர் என்பதால் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் கழித்து புரூக்ளின் அணியில் அவர் களமிறங்கினார். ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின வீரரைக் களமிறக்கியது 1959-ல், எல்லா அணிகளுக்கும் கடைசியாக. கப்ஸ் கதையும் இப்படித்தான். 1961-லும் 62-லும் மேனேஜரே வேண்டாம், பயிற்சியாளர்கள் முறை வைத்து அணியை நடத்தட்டும் என்று முதலாளி முடிவு செய்தார், 1962-ல் 103 தோல்வி. இதில் ஆடு எங்கே வந்தது?

‘நான் பார்த்தாலே தோற்றுவிடும்’ என்று டிவியை அணைத்துவிட்டு அடுத்த அறையில் நிற்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. 121 முறையும் நீங்களா பார்த்தீர்கள்?

இதைவிட விவரமாகத் தோன்றும் தவறு ஒன்று இருக்கிறது, படித்த ரசிகர்கள் அதிகமாக விழுவது இதில்தான். ‘தோற்கட்டும், அப்போதுதான் டிராஃப்டில் முதலிடம் கிடைக்கும்’ என்பது. பள்ளி, கல்லூரியிலிருந்து வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசை போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடுதான் டிராஃப்ட். மோசமான அணிக்கு வரிசையில் முன்னிடம். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 12, 13 என்று மூன்று வருடமும் நூறுக்கு மேல் தோற்று, 2017-ல் சாம்பியன் ஆனதைப் பார்த்ததும் எல்லோருக்கும் இந்த ஆசை வந்தது. (அந்த வருடம் அடுத்து எந்த மாதிரி பந்து என்று எதிரணியினர் தங்களுக்குள் காட்டிக்கொள்ளும் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடினார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. அதை யாரும் பாடத்திட்டத்தில் சேர்ப்பதில்லை.) ஹூஸ்டனுக்குத் தொடர்ந்து மூன்று வருடம் டிராஃப்டில் முதல் தேர்வு கிடைத்தது. கார்லோஸ் கொர்ரேயா நட்சத்திரம் ஆனார். மார்க் ஆப்பெல் ஹூஸ்டனுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பிரேடி எய்கனோடு ஒப்பந்தமே கையெழுத்தாகவில்லை. மூன்றில் ஒன்று.

இப்போது வரிசையைக் குலுக்கல் வைத்து முடிவு செய்கிறார்கள். வருமானத்தைச் சின்ன ஊர் அணிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய பெரிய ஊர் அணி, அடுத்தடுத்து இரண்டு வருடம் அந்தக் குலுக்கலில் இடம் பெற முடியாது என்று ஒரு விதி உண்டு. அதனால் 121 முறை தோற்ற வைட் சாக்ஸுக்கு 2025 டிராஃப்டில் கிடைத்தது பத்தாவது இடம்! மனசார தோல்விக்கு வேண்டிக்கொண்டிருந்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த அணியின் ரசிகர்கள் இதே வாக்குறுதியை ஏற்கெனவே ஒருமுறை நம்பியவர்கள். 2016 டிசம்பரில் தங்கள் சிறந்த பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு, யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் முதலிய இளைஞர்களை வாங்கினார்கள். சில வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பாருங்கள் என்றார்கள். 2020-லும் 2021-லும் பிளேஆஃப் வந்தது, இரண்டு முறையும் முதல் தொடரிலேயே மூட்டை கட்டினார்கள். 2023-ல் 101 தோல்வி. அதற்கடுத்த வருடம்தான் இந்த 121.

விட்டுப்போன வீரர்களைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கும் பழக்கத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 2018-ல் பாஸ்டன் சாம்பியன் ஆன கடைசிப் பந்தை வீசியவர் சேல். 2024-ல் அவர் அட்லாண்டாவுக்கு ஆடி, லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். அந்த மார்ச்சில் வைட் சாக்ஸ் கொடுத்தனுப்பிய டிலன் சீஸ், ஜூலையில் சான் டியாகோவுக்காக எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பேட்டர் பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸ் சேர்வது) கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். ஜூலை கடைசியில் கோபெக் டாட்ஜர்ஸுக்குப் போனார், அக்டோபரில் சாம்பியன். இந்த மூன்றும் ஒரே வருடத்தில். இதையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தால் யாருக்கு லாபம்? அவர்கள் இங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 2022-ன் கணக்கு இருக்கிறது: 81 வெற்றி, 81 தோல்வி. சீஸ், கோபெக் இருவரும் அப்போது அணியில்தான் இருந்தார்கள்.

மைதானத்துக்குப் போகாமல் இருந்தால் முதலாளி திருந்திவிடுவார் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன்களில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் கண்டது. 1992 கடைசியில் அந்த ஊரில் பிறந்த குழந்தை, நல்ல சீசன் ஒன்றைப் பார்க்காமலே கல்லூரிக்குப் போயிருக்கும். 2010-ல் அந்த அணியின் கணக்குகள் கசிந்தன. 2007, 2008 இரண்டு வருடங்களிலும் சேர்த்து சுமார் 2.9 கோடி டாலர் லாபம்! மற்ற அணிகளிடமிருந்து வரும் பங்கும், எல்லா அணிகளும் பிரித்துக்கொள்ளும் ஒளிபரப்புப் பணமும் இருக்கும்போது, உங்கள் ஒரு டிக்கெட் பெரிய அடி இல்லை. போவதா வேண்டாமா என்பதை உங்கள் சந்தோஷத்தையும் பர்ஸையும் கேட்டு முடிவு செய்யுங்கள். ‘அணியை விற்றுவிடு’ என்று கத்துவதில் தப்பில்லை, தொண்டைக்கு ஆறுதல்.

எனக்குப் பெரிதாகப்படும் தவறு, நல்லது நடக்கும்போதும் நம்பாமல் இருப்பது. எப்படியும் தோற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அடி குறையும் என்று நினைக்கிறோம். அடி ஒன்றும் குறைவதில்லை, சந்தோஷம்தான் குறைகிறது. பிட்ஸ்பர்க்காரர்கள் 2013-ல் அந்தத் தவறைச் செய்யவில்லை. அக்டோபர் 1, ஒரே ஆட்டத்தில் முடிவாகும் பிளேஆஃப். மைதானமே கறுப்பு உடையில். சின்சினாட்டி பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரைக் கூட்டம் இழுத்து இழுத்துக் கூப்பிட்டது. பந்து வீசும் மேட்டில் நின்ற அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. சத்தம் இரண்டு மடங்கானது. எடுத்து வீசிய அடுத்த பந்தை பைரேட்ஸின் ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார். அடுத்த சுற்றில் பைரேட்ஸ் தோற்றது, தோற்கட்டுமே.

மறுகோடியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: வேதனையைக் கேலியாக்கி அதற்குள் ஒளிந்துகொள்பவர்கள். 2024 செப்டம்பர் கடைசியில் வைட் சாக்ஸ் 120 தோல்வியோடு ஊர் திரும்பியது. இன்னும் ஒன்று தோற்றால் புதிய சாதனை. சரித்திரத்தை நேரில் பார்க்கலாம் என்று டிக்கெட் வாங்கி வந்தார்கள். முதல் நாள் எட்டாவது இன்னிங்ஸ் வரை 2-0 என்று பின்தங்கியிருந்த அணி 3-2 என்று ஜெயித்துத் தொலைத்தது. அடுத்த நாளும் ஜெயித்தது, அதற்கடுத்த நாளும். அவமானத்தைக் கொண்டாட வந்தவர்களுக்கு அதுவும் ஏமாற்றம்.

121-வது தோல்வி வெளியூரில், டிட்ராய்டில் வந்தது. பத்து வருடம் கழித்து டிட்ராய்ட் டைகர்ஸ் பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றதும் அதே ராத்திரிதான். 2003-ல் 119 தோல்வி கண்ட அணி அது. அப்போது 120-ஐத் தொடாமல் இருக்கக் கடைசி ஆறில் ஐந்தை ஜெயித்தார்கள், மூன்றே வருடத்தில் வேர்ல்ட் சீரிஸ் வரை போனார்கள். சாதனை முடிந்த கையோடு பலரும் வைட் சாக்ஸை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த இரண்டு ஆட்டங்களிலும் வைட் சாக்ஸ் ஜெயித்தது. கூட்டிப் பார்த்தால் இவர்களுக்கும் கடைசி ஆறில் ஐந்து.