இதயக் குறையோடு குழந்தை பிறந்த வீட்டுக்குச் செல்பவர்களுக்கு

ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒன்று இதயத்தில் ஏதோவொரு குறையோடு பிறக்கிறது. ஆகவே தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், இப்படியொரு வீடு நம் உறவிலோ தெருவிலோ இருக்கக்கூடும். சர்க்கரையும் பழமும் வாங்கிக்கொண்டு பிள்ளை பார்க்கக் கிளம்புமுன், அங்கே எதைச் செய்யலாம், எதைப் பேசக்கூடாது என்று யோசித்துக்கொள்வது நல்லது.

முதலில் காரணம் தேடும் பேச்சை விட்டுவிட வேண்டும். கிரகணத்தன்று வெளியே வந்தாளா, மாசமாக இருந்தபோது எதைத் தின்றாள் என்று கேட்பவருக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. பெற்றவளுக்கோ பல மாதத் தூக்கம் போய்விடும். கருவில் இதயத்தின் அமைப்பு முதல் எட்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. உண்டாகியிருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரியவரும். இன்னதுதான் காரணம் என்று மருத்துவர்களாலேயே பெரும்பாலும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. நெருங்கிய உறவில் மணம் முடித்தால் வாய்ப்புச் சற்றுக் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதை அடுத்த பிள்ளைக்கு முன் மருத்துவர் சொல்லிக்கொள்வார், திண்ணையில் உட்கார்ந்து நாம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஓட்டை தானாக மூடிக்கொள்ளும்’ என்ற ஆறுதலும் வேண்டாம். சிறிய ஓட்டைகள் பல மூடிக்கொள்கின்றன என்றாலும், உடல் நீலம் பாரிக்கும் வகைக் குறைகள் பலவற்றுக்கு அறுவை சிகிச்சையே வழி.

இத்தகைய குழந்தைகள் சிலருக்குப் பால் குடிப்பதே பெரும் உழைப்பு. நாலு வாய் உறிஞ்சும், நிறுத்தி மூச்சு வாங்கும், நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக அரும்பும், வயிறு நிறையுமுன் அசந்து தூங்கிவிடும். அதனால் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கும்படியும், பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டும்படியும் மருத்துவமனையில் சொல்லியிருக்கலாம். பாட்டியோ சித்தியோ செவிலியரிடம் அந்த முறையைக் கற்றுக்கொண்டு இரவில் ஒரு வேளையைத் தாம் ஏற்றுக்கொண்டால், தாய் மூன்று மணி நேரமாவது கண்ணயர முடியும். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய சீர் இல்லை. உரைமருந்து, கழுதைப்பால், சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம். சளி, இருமல் உள்ளவர்கள் வாசலோடு திரும்பிவிட வேண்டும்.

உதடும் நாக்கும் நீலமானாலோ, மூச்சு விடும்போது விலா உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, யாரையும் கலந்து பேசாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

அலைச்சலை ஒருவர் முழுதாகப் பொறுப்பேற்பது நலம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானத்துக்குச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். பிறவிக் குறையுள்ள குழந்தைகளை மேல் சிகிச்சைக்கு வழிநடத்தவென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களும் இயங்குகின்றன. அங்கும் ஒரு நடை போய் விசாரிக்கலாம். எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை, மருந்துச் சீட்டு, எடை குறித்த அட்டை எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே பையில் போட்டு வையுங்கள்.

அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கோ வேறு ஊருக்கோ போனால், வீடு வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். ‘எதுவானாலும் சொல்லுங்கள்’ என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘உங்கள் வயலுக்கு நான் தண்ணீர் வைக்கிறேன், மாட்டை எங்கள் கொட்டகையில் கட்டிக்கொள்கிறேன், பெரியவன் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகட்டும்’ என்று வேலையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பணம் கொடுப்பவர்கள், இது மொய்க் கணக்கில் சேராது, திருப்பிச் செய்ய வேண்டாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துகூட அந்தத் தகப்பன் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருப்பார்.