கடலோரப் பள்ளியும் ஊரும் கைகோக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால், ‘பிள்ளைங்க படிப்புல அக்கறை இல்ல’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கூட்டம் வைத்த நேரத்தை முதலில் பாருங்கள். ராமேசுவரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். மீன் இறக்கி, விலை பேசி, வலையைப் பார்த்துவிட்டு வீடு சேர வெகுநேரமாகும். கடல்பாசி எடுக்கும் அம்மாக்களுக்கோ நீர் வற்றும் நேரம்தான் கணக்கு. அது நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் தோதான மணி இந்த வாரம் தோதாகாது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்றால் ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறந்ததும், அது முடிவதற்குள் முதல் கூட்டத்தை நடத்திவிட்டால் விசைப்படகு அப்பாக்களும் வர முடியும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டம் கூட்டாமல் தீர்மான நோட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் அந்த அம்மாக்களின் குரல் எங்கே கேட்கும்? மின்விசிறி, பெஞ்சு கேட்க மட்டும் ஊரைக் கூப்பிடுவதும் தவறுதான். கல்லூரியில் படிக்கும் அக்கா ஒருத்தி வாரம் 2 மாலை உட்கார்ந்து, எழுத்துக்கூட்டத் தடுமாறும் 5 பிள்ளைகளை வாசிக்க வைப்பது எந்த மின்விசிறியையும் விடப் பெரிய உதவி.

மிகவும் வலிக்கும் தவறு ஒன்று உண்டு. இலங்கைக் கடற்படையிடம் அப்பா பிடிபட்ட பிள்ளையைக் காலை வணக்கக் கூட்டத்தில் முன்னால் நிறுத்தி, நோட்டும் பையும் கொடுத்துப் படம் எடுப்பார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் பிள்ளை கூசிப்போகும். பொருளை வீட்டில் கொடுங்கள். பிள்ளைக்குப் பிடித்த ஒரே ஓர் ஆசிரியர் தனியாகப் பேசட்டும். ‘அப்பா எப்ப வருவாங்க?’ என்று கேட்டால், ஆறுதலுக்காக ஒரு தேதியைச் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தேதி தப்பினால் அடுத்த முறை யார் சொல்வதையும் நம்பாது. அம்மா அலுவலகம் அலுவலகமாக அலைவார் என்பதால் சித்தப்பா, மாமா யாராவது ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள்.

9, 10ஆம் வகுப்புப் பையன் தொடர்ந்து வரவில்லை என்றால் மூன்றாம் நாளே, அதே தெருவில் இருக்கும் குழு உறுப்பினர் அம்மாவோடு வீட்டுக்குப் போங்கள். படகுக் கூலியைக் கையில் வாங்கிப் பழகிவிட்டால் திரும்பக் கூட்டி வருவது கடினம். வேலைக்கு வற்புறுத்துகிறார்கள், அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஊர்ப் பஞ்சாயத்துக்காகக் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள்.