யார் மகன், யார் மருமகன்: என்எஃப்எல் சொந்தபந்தங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் புதிதாக வரும் நண்பர்கள் முதல் சீசனில் என்னிடம் விதிகளைக் கேட்பார்கள். அடுத்த சீசனில் கேள்வி வேறு மாதிரி வரும்: "இந்தப் பையன் அந்தப் பழைய ரிசீவரோட மகன்தானே? அந்த கோச் இவனுக்கு என்ன முறை?" அப்பா, மகன், அண்ணன், தம்பி, மாமா, மருமகன் என்று அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல் முழுக்கச் சொந்தபந்தம்தான். இதற்கென்றே நான் பல வருடமாக ஒரு நோட்டு எழுதி வருகிறேன். அதில் எனக்கு உறுதியானது ஒன்று. குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பாதி உறவு கண்ணிலேயே படாது. யார் எந்த வருடம் எந்த அணியில் யாரோடு வேலை பார்த்தார் என்று பார்த்துப் போனால் மீதியும் அகப்படும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள் எடுங்கள். குறுக்குவாட்டில் வையுங்கள், சகோதரர்கள் நாலு பேர் வந்தால் நீளவாட்டில் இடம் போதாது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே பொசிஷன் (ஆடும் இடம்), உயர்நிலைப் பள்ளி, கல்லூரி, அப்புறம் ஆடிய அல்லது பயிற்சி தந்த அணிகளும் வருடங்களும். உயரம், எடை, சாதனைப் பட்டியல் எதுவும் வேண்டாம், அவை இடத்தைத்தான் அடைக்கும்.

பழகுவதற்கு மேனிங் குடும்பம் நல்லது, எல்லோருக்கும் தெரிந்தது. அப்பா ஆர்ச்சி, மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), 1971-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு வந்தவர். மகன்கள் பெய்ட்டனும் ஈலையும் ஆளுக்கு இரண்டு சூப்பர் பவுல் (என்எஃப்எல் இறுதிப் போட்டி) ஜெயித்தவர்கள். பெரும்பாலானோர் இந்த மூன்று பேரோடு தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். மூத்தவர் கூப்பரை விட்டுவிடுகிறார்கள். அவர் பள்ளியில் நல்ல ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்). முதுகெலும்புக் கால்வாய் குறுகியிருப்பது தெரிந்ததும் கல்லூரியில் ஆடத் தொடங்குவதற்கு முன்பே ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. அவர் இல்லாமல் இன்றைய டெக்சஸ் பல்கலைக்கழக குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங்கை எங்கே கொண்டுபோய் இணைப்பீர்கள்? ஆர்ச் கூப்பரின் மகன். பெய்ட்டனும் ஈலையும் அவனுக்குச் சித்தப்பாக்கள். ஆர்ச்சி கல்லூரியில் அணிந்த 18-ஆம் எண்ணைப் பள்ளியில் கூப்பர் அணிந்தார். பெய்ட்டன் அதே எண்ணைக் கோல்ட்ஸ், பிராங்கோஸ் வரை கொண்டுபோனார். மிசிசிப்பி பல்கலைக்கழக வளாகத்தில் வண்டிகளுக்கான வேக வரம்பே மணிக்கு 18 மைல், ஆர்ச்சியின் நினைவாக. ஆகவே தொழில்முறையில் ஆடாதவர்களையும் எழுதுங்கள். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்த தலைமுறை அந்தரத்தில் நிற்கும்.

அடுத்தது அம்மா வழி. எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் டிவி வர்ணனையாளர்கள் அதிகம் தொடாத பக்கம் இதுதான். போசா சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோயி 2016 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) மூன்றாவது ஆளாகவும், நிக் 2019-ல் இரண்டாவது ஆளாகவும் எடுக்கப்பட்டவர்கள். இருவரும் டிஃபென்சிவ் எண்ட் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் ஆடுபவர்). அப்பா ஜான் போசாவும் அதே வரிசையில் ஆடியவர். 1987 முதல் சுற்றில் 16-வது ஆளாக மயாமி டால்ஃபின்ஸ் அவரை எடுத்தது. இதுவரை பெயரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இப்போது டால்ஃபின்ஸின் 1988 டிராஃப்டைப் பாருங்கள். அதே முதல் சுற்று, அதே 16-வது இடம், ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து எரிக் குமரோ. அவர் யார்? போசா சகோதரர்களுடைய அம்மாவின் கூடப்பிறந்தவர். பையன்களுக்குத் தாய்மாமன். அடுத்தடுத்த வருடம் ஒரே அணி ஒரே இடத்தில் எடுத்த இரண்டு பேர் மச்சான் முறை! ஜோயியும் நிக்கும் கல்லூரிக்குப் போனது அப்பா படித்த பாஸ்டன் காலேஜுக்கு அல்ல, மாமா ஆடிய ஒஹையோ ஸ்டேட்டுக்கு. பேக்கர்ஸிலும் பில்ஸிலும் ரிசீவராக இருந்த ஜேக் குமரோ மாமா மகன். ஜெர்சியின் முதுகில் இருக்கும் பெயரை மட்டும் பார்ப்பவருக்கு ஜேக் யாரோ ஒருவர்தான்.

இப்படிப்பட்ட உறவுகளைப் பிடிக்க நான் செய்வது இதுதான். அப்பாவின் தாளை முடித்ததும் அவர் இருந்த அணியின் அந்த வருடங்களின் ரோஸ்டரையும் (ஆட்டக்காரர் பட்டியல்), முன்னும் பின்னும் ஓரிரு வருட டிராஃப்டையும் ஒருமுறை கண்ணோட்டமிடுவேன். மகனின் கல்லூரி அப்பாவின் கல்லூரியிலிருந்து மாறுபட்டால், அந்தக் கல்லூரியில் அம்மா வழியில் யாராவது ஆடினார்களா என்று தேடுவேன். எல்லா முறையும் ஆள் அகப்படமாட்டார். அகப்படும்போது பெரிய மீனாக இருக்கும்.

மாப்பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். பழைய ஹெட் கோச் பில் பார்செல்ஸின் தாளில் பேட்ரியட்ஸின் நிர்வாகியாக இருந்த ஸ்காட் பியோலி வரவேண்டும், மருமகன் என்ற முறையில். ஹார்பா குடும்பத்தில் அப்பா ஜாக், மகன்கள் ஜான், ஜிம் மூவரும் ஃபுட்பால் கோச்சுகள். மகளின் கணவர் டாம் க்ரீன் கூடைப்பந்து கோச். ஜானும் ஜிம்மும் 2011 நன்றி நவிலல் நாளில் முதன்முறையாக எதிரெதிரே நின்றார்கள். 2013 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுலில் மறுபடியும். அண்ணன் ஜானின் ரேவன்ஸ் 34-31 என்று ஜெயித்தது. பெற்றோருக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். குடும்பத் தாள்கள் சேர்ந்ததும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே அணி, ஒரே வருடம் இரண்டு தாளிலும் வந்தால் அந்த இடத்தில் நில்லுங்கள். என் நோட்டில் எனக்கு மிகப் பிடித்த இரண்டு தாள்கள் ஷனஹனும் மெக்காஃப்ரியும்.

1994 சீசனில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸின் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தாக்குதல் ஆட்டத்தைக் கவனிக்கும் உதவிக் கோச்) மைக் ஷனஹன். அந்த அணியின் ரிசீவர்களில் ஒருவர் எட் மெக்காஃப்ரி. அந்த வருடம் சூப்பர் பவுல் கோப்பை. 1995-ல் மைக் டென்வர் பிராங்கோஸின் ஹெட் கோச் ஆனார், எட்டும் அங்கே போனார். இன்னும் இரண்டு கோப்பைகள். மைக்கின் மகன் கைல் அப்போது பள்ளிப் பையன். எட்டின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ரிசீவராக ஆடியபோது எட்டின் 87-ஆம் எண்ணையே அணிந்தான். அந்தக் கைல்தான் 2017-லிருந்து ஃபார்ட்டிநைனர்ஸின் ஹெட் கோச். 2022 அக்டோபரில் கரோலினா பேந்தர்ஸிடமிருந்து ஒரு ரன்னிங் பேக்கை (பந்தை ஏந்தி ஓடுபவர்) வாங்கினார்: எட்டின் மகன் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. அப்பாவுக்கு அப்பா கோச், மகனுக்கு மகன் கோச், இரண்டும் ஒரே அணியில். எந்தத் தரவுத்தளமும் இதை 'உறவு' என்று எழுதாது. வருடத்தோடு எழுதிய இரண்டு தாளும் கையில் இருந்தால் தானாகத் தெரியும்.

கிறிஸ்டியனின் தாளில் இன்னொரு வரி உண்டு. அம்மாவின் அப்பா டேவ் சைம், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் வெள்ளி வென்ற ஓட்டக்காரர். பேரனின் கால் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெயர்கள் ஏமாற்றும், அதில் கவனம் தேவை. 2021 நவம்பரில் பில்ஸும் ஜாகுவார்ஸும் மோதிய ஆட்டத்தில் பில்ஸ் குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலனைத் தரையில் சாய்த்து, அவர் எறிந்த பந்தைப் பறித்தவர் ஜாகுவார்ஸின் ஜோஷ் ஆலன். இருவருக்கும் சொந்தமே கிடையாது. இரண்டாமவர் 2024-ல் அம்மா வழிக் குடும்பப் பெயரையும் சேர்த்து ஜோஷ் ஹைன்ஸ்-ஆலன் ஆனார். இதற்கு நேர்மாறு ஜிம் மோரா. அந்தப் பெயரில் இரண்டு ஹெட் கோச்சுகள் உண்டு, அப்பாவும் மகனும். அப்பா செயின்ட்ஸிலும் கோல்ட்ஸிலும், மகன் ஃபால்கன்ஸிலும் சீஹாக்ஸிலும். நடுப்பெயர் வேறு என்பதால் முறைப்படி சீனியர், ஜூனியர் என்றும் சொல்ல முடியாது. பெயரோடு அணியையும் வருடத்தையும் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இது.

'கோச்சிங் ட்ரீ' என்று வர்ணனையில் அடிக்கடி காதில் விழும். பில் வால்ஷிடம் மைக் ஹோம்கிரென், ஹோம்கிரெனிடம் ஆண்டி ரீட் என்று போகும் குரு-சீடர் வரிசை அது, ரத்த உறவு இல்லை. நான் ரத்த உறவுக்கும் திருமண உறவுக்கும் முழுக்கோடு, குரு-சீடருக்குப் புள்ளிக்கோடு போடுவேன். மைக் ஷனஹன் வாஷிங்டனில் இருந்த காலத்தில் அவருக்குக் கீழே ஷான் மெக்வேயும் மேட் லஃப்ளரும் வேலை பார்த்தார்கள், அது புள்ளிக்கோடு. மேட்டின் தம்பி மைக் லஃப்ளர் பிறகு கைலிடமும் மெக்வேயிடமும் வேலை பார்த்தார். சகோதரர்களுக்கு நடுவே முழுக்கோடு, மற்றவை புள்ளி. மெக்வேயின் தாத்தா ஜான் மெக்வே ஃபார்ட்டிநைனர்ஸில் வால்ஷ் காலத்து நிர்வாகி. மறுபடியும் முழுக்கோடு.

இரண்டு கோடும் ஒரே தாளில் இருப்பதால் ஒரு நன்மை: ஒரு மகனுக்கு வேலை எப்படிக் கிடைத்தது என்பது தெரியும். கைல் 2006-ல் ஹூஸ்டன் டெக்சன்ஸுக்குப் போனபோது அங்கே ஹெட் கோச் கேரி குபியாக். டென்வரில் மைக்கின் கோஆர்டினேட்டராகப் பல வருடம் இருந்தவர். அப்பாவின் பழைய உதவியாளரிடம் மகன். பின்னாளில் குபியாக்கின் மகன் க்ளே கைலிடம் சேர்ந்து 2025-ல் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஆனார். இவர்கள் திறமை இல்லாதவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கோச்சின் வீட்டில் பிறக்காத, அதே திறமையுள்ள ஒருவருக்கு அந்த முதல் கதவு எவ்வளவு கனமாக இருக்கும் என்பதையும் இந்தத் தாள்தான் காட்டுகிறது. சிறுபான்மையினரை ஹெட் கோச் வேலைக்கு நேர்காணல் செய்தே ஆகவேண்டும் என்ற ரூனி விதி 2003-ல் வந்தது. அது எதற்காக வேண்டியிருந்தது என்று யாராவது கேட்டால் நான் இந்த நோட்டைத்தான் திறந்து காட்டுவேன்.

சரி, சரிபார்ப்பது எப்படி? புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஆட்டக்காரரின் பக்கத்திலேயே உறவினர் என்று ஒரு வரி இருக்கும். அணிகளும் கல்லூரிகளும் வெளியிடும் மீடியா கைடில் சொந்த வாழ்க்கை பற்றிய பத்தி இருக்கும். அம்மா வழிச் செய்திகள் எனக்கு அதிகம் கிடைப்பது அங்கேதான். கேட்டதை முதலில் பென்சிலில் எழுதுங்கள். இரண்டாவது இடத்தில் உறுதியானதும் மை. 'கசின்' என்று மட்டும் சொல்லப்பட்ட உறவு என் நோட்டில் நீண்ட நாள் பென்சிலிலேயே இருக்கும், ஏனென்றால் ஒன்றுவிட்ட தம்பியையும் தூரத்துச் சொந்தத்தையும் சேர்த்தே அப்படிச் சொல்கிறார்கள். ஆட்டத்தோடு தொடர்பில்லாத மனைவி, குழந்தைகளைத் தோண்டித் துருவ வேண்டாம். அவர்களாகப் பொதுவெளியில் சொன்னது போதும்.

புதிய பெயர்கள் வரும் காலம் இரண்டு. ஒன்று ஏப்ரல் டிராஃப்ட். 2021-ல் எட்டாவதாக ஜேசி ஹார்ன், ஒன்பதாவதாக பேட்ரிக் சர்டெய்ன். அடுத்தடுத்து இரண்டு கார்னர்பேக்குகள் (எதிரணி ரிசீவர்களைத் தடுப்பவர்கள்), இருவருமே என்எஃப்எல் ஆட்டக்காரர்களின் மகன்கள். ஹார்னின் அப்பா ஜோ ரிசீவர். சர்டெய்னின் அப்பாவும் கார்னர்பேக், பள்ளியில் மகனுக்கு அவரே கோச். இன்னொன்று ஜனவரி, பிப்ரவரி. ஹெட் கோச்சுகள் மாறி, புதியவர்கள் தங்கள் உதவியாளர் பட்டியலை வெளியிடும் நேரம். பட்டியலை மேலிருந்து படிக்காதீர்கள், கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். குவாலிட்டி கன்ட்ரோல் என்ற அடிமட்ட வேலையில்தான் கோச்சுகளின் பிள்ளைகள் முதலில் தலைகாட்டுவார்கள். கைல் ஷனஹனும் 2004-ல் டாம்பா பேயில் அப்படித்தான் ஆரம்பித்தார். தெரிந்த குடும்பப் பெயர் ஏதாவது கண்ணில் பட்டால் அணியையும் வருடத்தையும் அப்போதே பென்சிலில் குறித்துவிட்டு, அந்த அணியின் ஹெட் கோச் இதற்கு முன் யாரிடம் வேலை பார்த்தார் என்று தேட ஆரம்பியுங்கள்.