சாப்பிடும்போது கன்னத்தைக் கடித்துவிட்டால்: இரண்டாவது கடி விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சோறு, வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். பேசிக்கொண்டே மென்றதில் வலது கடைவாயில் நறுக்கென்று ஒரு கடி. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. குழம்பின் புளிப்பையும் மீறி ரத்தம் உப்புக் கரித்தது. அன்று இரவு அதே இடத்தில் இன்னொரு கடி, மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது மூன்றாவது. முதல் கடி மட்டும் என்றால் சீக்கிரம் ஆறியிருக்கும். பத்து நாள் படுத்தியது அடுத்த இரண்டும்தான்.

கடிபட்ட சதை வீங்கும். வீங்கிய சதை பல் வரிசைக்கு நடுவே துருத்திக்கொண்டு வரும். அடுத்த தடவை மெல்லும்போது பல்லில் முதலில் மாட்டுவது அதுதான். அதனால் வீக்கத்தைக் குறைப்பதும் அந்தப் பக்கத்துக்கு ஓய்வு கொடுப்பதும்தான் முக்கியம்.

படி 1: மெல்லுவதை நிறுத்துங்கள். "இந்த ஒரு வாயை மட்டும் முடித்துவிடலாம்" என்று தொடர வேண்டாம். வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகக் கொப்பளியுங்கள்.

படி 2: ரத்தத்தை நிறுத்துங்கள். சுத்தமான பருத்தித் துணியை மடித்து, நனைத்து, காயத்தின் மேல் வைத்து 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி கசியும். எச்சிலோடு கலப்பதால் கொஞ்ச ரத்தமே நிறையப் போவது போலத் தெரியும், பதற வேண்டாம். ஆனால் 15 நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை, அல்லது காயம் வாய் பிளந்து நிற்கிறது என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

படி 3: ஐஸ். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, கன்னத்தின் வெளிப்பக்கம் 10 நிமிடம் வையுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். முதல் சில மணி நேரத்தில் இரண்டு மூன்று தடவை வைத்தால் வீக்கம் நன்றாகவே மட்டுப்படும்.

படி 4: டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி முன் நின்று, விரலால் கன்னத்தை வெளியே இழுத்து, மொபைல் வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் மிளகு அளவு சிவப்போ, நகம் கீறியது போல ஒரு வெட்டோதான் இருக்கும். கருஞ்சிவப்பாக ரத்தக் கொப்புளம் இருந்தால் குத்தி உடைக்காதீர்கள். இரண்டு நாளில் காயத்தின் மேல் வெள்ளையாகப் படிவதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டவும் வேண்டாம். வாய்க்குள் ஆறுகிற புண் அப்படித்தான் இருக்கும்.

படி 5: உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. ரத்தம் நின்று சில மணி நேரம் கழித்து ஆரம்பித்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். துப்பத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம். கிராம்புத் தைலத்தை அப்படியே தடவினால் புண் வெந்துவிடும், தவிருங்கள்.

படி 6: மூன்று நாள் சாப்பாடு. மற்றப் பக்கத்துக் கடைவாயில், சின்னச் சின்ன வாயாக, பேசாமல் மெல்லுங்கள். தயிர் சாதம், ஆறிய கஞ்சி, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம் எல்லாம் தொந்தரவில்லாமல் இறங்கும். எங்கள் வீட்டில் வாயில் புண் என்றாலே அம்மா மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துவிடுவார், மிளகாய் இல்லாமல். முறுக்கு, அப்பளம், ஊறுகாய், கொதிக்கக் கொதிக்க ரசம் எல்லாம் கொஞ்ச நாள் கழித்து. மரத்துப்போகும் ஜெல் தடவினால், உணர்ச்சி திரும்பும் வரை எதையும் மெல்லாதீர்கள். வலி தெரியாமல் அங்கேயே மறுபடி கடித்துவிடுவீர்கள்.

குழந்தைக்குப் பல் டாக்டரிடம் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தாலும் இதே கதைதான். இரண்டு மூன்று மணி நேரம் உதடும் கன்னமும் மரத்திருக்கும். குழந்தை விளையாட்டாக மென்று பார்க்கும், மாலையில் உதடு தடித்துத் தொங்கும். முழு உணர்ச்சி வரும் வரை பக்கத்திலேயே இருங்கள், மெல்லுகிற மாதிரி எதுவும் கொடுக்காதீர்கள்.

படி 7: அதே இடத்தில் அடிக்கடி கடிபடுகிறதா? அப்படியென்றால் காரணம் பெரும்பாலும் பல்லிடம்தான் இருக்கும். உடைந்த கூர்முனை, கன்னத்தின் பக்கம் சாய்ந்து முளைத்த ஞானப்பல், பல்லின் மேல் சரியாக உட்காராத புதுக் கேப் (பல் உறை), இதில் ஏதோ ஒன்று. எனக்கு மேல் கடைவாய்ப் பல்லின் ஓரம் சில்லாக உடைந்து கத்தி மாதிரி இருந்தது. நாக்கால் தடவினால் எனக்கே தெரிந்திருக்கும், தடவித்தான் பார்க்கவில்லை. பல் டாக்டர் சில நிமிடத்தில் அதை ராவி மழுக்கிவிட்டார்.

சாதாரணக் கடிக்காயம் ஒரு வாரத்தில், ஆழமாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். அதற்கு மேலும் ஆறாமல் நின்றாலோ, வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு மறையாமல் இருந்தாலோ, வலி இல்லை என்றாலும் காட்டிவிடுங்கள். வீட்டில் வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிற பெரியவர் இருந்து, "பல் பட்ட புண்தான், தானாக ஆறிடும்" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால், இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.