பெரியவர்களின் மறதி: வீட்டார் செய்யும் தவறுகள்

பேரனைக் கூப்பிட வேண்டும். பாட்டி முதலில் மகன் பெயரைச் சொல்கிறார், அப்புறம் தம்பி பெயர், அப்புறம் எப்போதோ இறந்துபோன அண்ணன் பெயர். நாலாவதாகத்தான் பேரன் பெயர் வாய்க்கு வருகிறது. வீடே சிரிக்கிறது. சிரிக்கலாம், இது நோய் இல்லை. ஆனால் இப்படிச் சிரித்துப் பழகிய வீட்டில், கவனிக்க வேண்டிய மறதி வரும்போதும் "வயசாச்சுல்ல" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது.

மறதி பெரிதா சிறிதா என்று பார்க்கிறோம். அதைவிட முக்கியம், அது எவ்வளவு வேகமாக வந்தது என்பது. காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் பதினொரு மணிக்கு "நாம எப்ப இங்க வந்தோம்?" என்கிறார். பதில் சொன்னால் தலையாட்டிவிட்டு, இரண்டு நிமிடத்தில் அதையே கேட்கிறார். தன் பெயர் தெரிகிறது, பெண்டாட்டி பிள்ளைகளைத் தெரிகிறது, நடையும் பேச்சும் சரியாக இருக்கின்றன. புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை, அவ்வளவுதான். சில மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறார், அந்த இடைவெளியில் நடந்தது மட்டும் நினைவில் இல்லை. பெரும்பாலும் 50 முதல் 70 வயதுக்குள் வரும் தற்காலிக முழு மறதி இப்படித்தான் இருக்கும். 24 மணி நேரத்துக்குள் விலகிவிடும், பலருக்கு மறுபடி வருவதும் இல்லை.

கேட்க ஆறுதலாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அது இதுதான் என்று வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. பக்கவாதம், வலிப்பு, சர்க்கரை இறங்குவது எல்லாம் இதே வேஷத்தில் வரலாம். அதனால் "தெளிஞ்சிடுச்சே, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. கூடவே வாய் கோணுவது, கை தொய்வது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது என்று ஏதாவது வந்து பத்து நிமிடத்தில் சரியாகியிருந்தாலும் அன்றே மருத்துவமனை. மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டு விலகியிருக்கலாம். அதற்குப் பின் வரும் முதல் இரண்டு நாளில்தான் முழுப் பக்கவாதத்துக்கான ஆபத்து அதிகம். இந்த அறிகுறிகள் மறையாமல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. கடையில் ஆஸ்பிரின் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தக்கசிவாக இருந்தால் அது கெடுதலாகும்.

சர்க்கரை நோயாளி என்றால் வீட்டுக் கருவியில் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் தெளிவும் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் இறங்கலாம் என்பதால், தேறிய பிறகும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றிரண்டு நாளில் ஏறிவரும் குழப்பம் வேறு வகை. பகலில் தூங்கிவழிவார், சாயங்காலமானால் ஆள் மாறிப்போவார், இல்லாத ஆளிடம் பேசுவார். "அப்பாவுக்கு டிமென்ஷியா, அதான் மறதி நோய், வந்துடுச்சு" என்று சொந்தக்காரர்களுக்குத் தகவல் போய்விடும். காரணம் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல்கூட அது வரும். நீர் பிரியும் மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கியிருக்கலாம், வெயிலில் உடம்பு வறண்டிருக்கலாம், சளிக்கு வாங்கிய மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை, ஆனால் காத்திருக்கக் கூடியவை இல்லை. இன்னொன்று: குளியலறையில் வழுக்கி லேசாகத் தலை இடித்தது, வீக்கம்கூட இல்லை. சில வாரம் கழித்து மந்தமும் மறதியும் வருகிறது. மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். மறந்தே போன அந்த அடியை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் மெல்ல வரும் மறதிக்கு அவசர ஊர்தி வேண்டாம், கண் வேண்டும். கல்யாணத்தில் பார்த்தவர் பெயர் வரவில்லை என்றால் சரி. கல்யாணத்துக்குப் போனதே நினைவில் இல்லை, எடுத்துச் சொன்னாலும் வரவில்லை என்றால் காட்ட வேண்டும். ஐம்பது வருடமாக வைத்த சாம்பார் பாதியில் நின்றுபோவது, தினம் போகும் கோயிலிலிருந்து வழி தெரியாமல் திரும்புவது, மின் கட்டணத்தை இரண்டு தடவை கட்டுவது, மாத்திரையை மறுபடி விழுங்குவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். "எனக்கு மறதி" என்று அவரே புலம்பினால் கவலை கொஞ்சம் குறைவு. அவர் "ஒண்ணுமில்லை" என்று சொல்லி, வீட்டார் பதறினால்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

இங்கே பலர் நேராக வல்லாரை லேகியத்துக்குப் போகிறார்கள். அதற்கு முன் ரத்தத்தில் தைராய்டும் பி12 வைட்டமினும் பார்த்துவிடுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையையோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் "கேஸ்" மாத்திரையையோ வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். காது மந்தமானவருக்குச் சொன்னது விழுந்தே இருக்காது. துணையை இழந்தவரின் மனச்சோர்வும் மறதியாகவே தெரியும்.

மருத்துவரிடம் போனால் பெரியவரையே பேச விடுங்கள். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டதும் மகன் முந்திக்கொண்டு பதில் சொல்வதில் பயன் இல்லை. வீட்டில் உள்ள மாத்திரை அட்டை அத்தனையும், தைலம் சூரணம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரைதான் மறதிக்குக் காரணம் என்று எங்கோ படித்துவிட்டு அதை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நாள்பட எடுத்த அல்ப்ரசோலம் போன்ற மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் வலிப்பே வரலாம். படிப்படியாகக் குறைக்க மருத்துவர் அளவு எழுதித் தருவார்.