பைபர் படகில் அடுக்குப் பிளவைக் கண்டுபிடித்த விதம்

காற்றாலை இறக்கைகளை அல்ட்ராசோனிக் முறையில், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பித் திரும்பும் எதிரொலியைப் பார்த்து, சோதிப்பது என் வேலை. நாகப்பட்டினம் கரையில் நிற்கும் பைபர் படகும் இறக்கையைப் போலக் கண்ணாடி இழையும் பிசினும்தான். பிசின் வகைதான் வேறு: இறக்கைக்குப் பெரும்பாலும் எபாக்சி, படகுக்கு பாலியெஸ்டர். அதனால் மாமா தன் படகின் அடிப்பக்கம் ஓரிடத்தில் ‘பொத்’தென்று சத்தம் வருகிறது என்றதும் நானே பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் காசு. 5 ரூபாய் நாணயத்தின் விளிம்பால் நெருக்கமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று கேட்கும், அடுக்கு பிரிந்த இடம் மங்கிப்போகும். சாக்பீஸால் எல்லை வரைந்தேன். ஆனால் காசு ஆழத்தைச் சொல்லாது. தடித்த பகுதியில் உள்ளே கிடக்கும் பிளவு அதற்குச் சிக்குவதும் கடினம்.

தெரிந்த வெல்டிங் சோதனைக்காரரிடம் அல்ட்ராசோனிக் கருவி இரவல் வாங்கினோம். அதில் இருந்தது இரும்புக்கான 4 மெகாஹெர்ட்ஸ் புரோப் (ஒலியை அனுப்பி வாங்கும் முனை). திரையில் வெறும் இரைச்சல்தான், மறுபக்கத்து எதிரொலி வரவே இல்லை. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணை இழையும் பிசினும் சிதறடித்து விழுங்கிவிடும். 1 மெகாஹெர்ட்ஸ் புரோப் மாட்டியதும் எதிரொலி தெளிவாக எழுந்தது. ஒலி வேகத்தையும் மாற்ற வேண்டும்: இரும்பில் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர், இதில் ஏறக்குறைய பாதி. படகின் மேல் விளிம்பின் தடிமனை வெர்னியரால் அளந்து, கருவியும் அதையே காட்டும்படி சரிசெய்தேன். சாக்பீஸ் கோட்டுக்குள் போனதும் எதிரொலி பாதி ஆழத்திலேயே திரும்பியது. பிளவு அங்கேதான்.

அப்புறம் தேய்த்தெடுத்து, ஓரத்தை நீளச் சரிவாக்கி, நன்றாகக் காயவிட்டு, புதிய மேட் (கண்ணாடி இழை விரிப்பு) பிசினோடு அடுக்கினோம். ஈரம் இருந்தால் பிசின் பிடிக்காது. ஐப்பசி மழையில் இதைத் தொடவே கூடாது. இறுகியபின் முழு ஆழத்து எதிரொலி வந்தது. கீழோரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் எனக்குத் திருப்தியில்லை, பங்குனியில் மறுபடி பார்க்க வேண்டும்.