பழைய டிராக்டரில் மறுபடி ஏறி உட்காரும் முன்

பதினாலு வயதில் ஓட்டிய மாஸி பெர்குசன் 35 மாதிரி ஒன்று இப்போது கண்ணில் பட்டால் கை சும்மா இருக்குமா? அந்த மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் சத்தத்தை வைத்தே வருவது யார் வண்டி என்று சொன்ன ஆட்கள் நாம். கை எதையும் மறந்திருக்காது. சிக்கலே அதுதான், அந்த வயதில் பழகிய தப்புகளும் சேர்ந்தே ஞாபகத்தில் இருக்கும்.

முதலில் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அளவு கூடி, ஆயில் தண்ணியாக இருந்து டீசல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரேடியேட்டர் தண்ணீர், டயர் காற்று எல்லாம் வழக்கம்போலத்தான்.

ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கும். பில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, டீசல் பம்பின் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைக் கையால் அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரைத்து நுரைத்து வரும், குமிழி நின்று சுத்தமாக டீசல் வழிந்ததும் ஸ்க்ரூவை முறுக்கிவிடலாம். விரலில் ஒட்டும் அந்த வாடை ரெண்டு நாள் போகாது, எனக்கு அது பிடிக்கும்.

கீழே நின்றபடி ஸ்க்ரூடிரைவரை வைத்து ஸ்டார்ட்டரைத் தட்டிவிடுவோமே, அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கியரில் கிடந்தால் பின் டயர் நம் மேல்தான் ஏறும். சீட்டில் உட்கார்ந்து, நியூட்ரல் பார்த்து, கிளட்சை மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டை விரலை உள்ளே விடாதீர்கள். பவர் ஸ்டியரிங் கிடையாது, முன் சக்கரம் ஒரு கல்லில் இடித்தால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும், ஆரம் விரலில் அடிக்கிற அடியில் ஒரு மாதம் சோறு பிசைய முடியாது (அனுபவம்!).

இந்தக் கியர்பாக்ஸ் கார் மாதிரி இல்லை, எந்தக் கியரில் போகப் போகிறோமோ அதை நிற்கும்போதே போட்டுவிட வேண்டும், ஓட்டத்தில் மாற்றினால் பல் கடகடவென்று கத்தும். அப்புறம் அந்த ரெட்டை பிரேக், பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மிதி. வயலில் ஒற்றைக் காலால் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்து, நின்ற இடத்தில் திருப்பும் சுகமே தனி. ஆனால் ரோட்டுக்கு வந்தால் இரண்டு மிதியையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள், வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுத்துக் கவிழ்ந்துவிடும். எதையாவது இழுப்பதாக இருந்தால் சங்கிலியைத் தாழ்வான இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். மேலே டாப் லிங்க்கில் (கலப்பையை மேல் பக்கம் பிடிக்கும் தண்டு) மாட்டினால் முன் பக்கம் தூக்கி, வண்டி பின்னால் மல்லாந்துவிடும்.

மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். நாம் எல்லோரும் அங்கே உட்கார்ந்து வந்தவர்கள்தான், தெரியும்.

முடித்ததும் பின்னால் மாட்டியிருப்பதைத் தரையில் இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு, ஸ்டாப் குமிழை இழுங்கள். சாவியைத் திருப்பினால் நிற்கிற எஞ்சின் இல்லை இது. நிறுத்துவது சமதளமாகவே இருக்கட்டும். பேட்டரியை நம்பாமல் சரிவு தேடி நிறுத்தி, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்த காலம் போதும், இப்போது கூட ஓடிவர ஆளும் இல்லை.